சிவில் 3டி-யில் நம்மூர்க் குழாய்களைச் சேர்ப்பது எப்படி?

கழிவுநீர்க் குழாய்த் தொகுதி ஒன்றை ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி என்ற வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்துக்கொண்டிருக்கும் பொறியாளர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். மென்பொருளோடு வரும் பட்டியலில் ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) என்.பி.3 வகுப்புக் குழாயும் இல்லை, இரட்டைச் சுவர் நெளிவு எச்.டி.பி.இ. (ஒரு வகைப் பிளாஸ்டிக்) குழாயும் இல்லை. ரெண்டர் மெட்டீரியலில் எச்.டி.பி.இ. என்று புதிதாக ஒன்றை உருவாக்கிக் குழாய்க்குக் கொடுத்த பிறகும், லேபிளில் கான்கிரீட் என்றே வருகிறது. மெட்டீரியல் என்ற இடத்தில் புதிய பெயரைத் தட்டச்சு செய்யவும் முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் அந்த ரெண்டர் மெட்டீரியல் விவகாரத்தை முடித்துவிடலாம். சிவில் 3டி-யில் மெட்டீரியல் என்ற சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் வருகிறது. பார்ட்ஸ் லிஸ்டில் ஒரு நிரலாகத் தெரியும் ரெண்டர் மெட்டீரியல், முப்பரிமாணக் காட்சியில் குழாய் எந்த நிறத்தில், எந்தப் பளபளப்பில் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. அதற்கும் நீரியல் கணக்குக்கும் லேபிளுக்கும் அட்டவணைக்கும் எந்த ஒட்டும் இல்லை. லேபிளில் வரும் மெட்டீரியல், குழாயின் பார்ட் பிராபர்ட்டிகளில் ஒன்று. அது கேட்டலாக்கிலிருந்து வருகிறது. எனவே நீங்கள் பெயின்ட்டை மாற்றிவிட்டுக் குழாய் மாறவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கேட்டலாக், பார்ட்ஸ் லிஸ்ட், வரைபடத்தில் உள்ள குழாய் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கேட்டலாக் என்பது கிடங்கு. பார்ட்ஸ் லிஸ்ட் என்பது இந்த ஒரு வேலைக்காகக் கிடங்கிலிருந்து எடுக்க எழுதிய இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல். வரைபடத்தில் உள்ள குழாய், பள்ளத்தில் இறக்கி மூட்டுப் போட்டுவிட்ட குழாய். கிடங்கில் ஒரு பொருளின் விவரத்தைத் திருத்தினால், ஏற்கெனவே எழுதிய இண்டென்ட் தானாக மாறிவிடாது. பள்ளத்தில் கிடக்கும் குழாயும் மாறிவிடாது. கேட்டலாக்கில் திருத்தினேன், படத்தில் மாறவில்லை என்ற புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இனி மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். இதைத்தான் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். சிவில் 3டி-யைப் பொறுத்தவரை மெட்டீரியல் என்பது வெறும் ஒரு சொல். எச்.டி.பி.இ. என்று எழுதியதால் அது சொரசொரப்பைக் குறைத்துக்கொள்ளாது; என்.பி.3 என்று எழுதியதால் சுவரைத் தடிமனாக்கிக்கொள்ளாது. உள்விட்டம், சுவர்த் தடிமன், மேனிங் எண் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) ஆகிய மூன்றையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அந்த மூன்றும் தவறாக இருந்து பெயர் மட்டும் சரியாக இருப்பது, பெயரும் தவறாக இருப்பதைவிட ஆபத்தானது. ஏனெனில் லேபிளைப் பார்த்துச் சரிபார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

குழாய் வாங்கும் அளவு எதைக் குறிக்கிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஐ.எஸ். 458 என்ற இந்தியத் தரக் குறியீட்டின்படி வரும் ஆர்.சி.சி. குழாயில் 600 மி.மீ. என்றால் அது உள்விட்டம், என்.பி.2, என்.பி.3, என்.பி.4 என்று வகுப்பு மாற மாறச் சுவர் மாறி வெளிவிட்டம்தான் மாறும். குடிநீருக்கான எச்.டி.பி.இ. குழாயைப் பற்றிய ஐ.எஸ். 4984-இல் 315 மி.மீ. என்றால் அது வெளிவிட்டம். அழுத்த வகுப்பு உயர உயரச் சுவர் உள்பக்கமாகத் தடித்து, நீர் ஓடும் இடம் சுருங்கும். டி.டபிள்யூ.சி. எனப்படும் இரட்டைச் சுவர் நெளிவுக் குழாய்க்கான ஐ.எஸ். 16098 இரண்டாம் பகுதியில் இரண்டு வகைப் பெயரிடலும் உண்டு: உள்விட்டத்தை வைத்துச் சொல்வதும் உண்டு, வெளிவிட்டத்தை வைத்துச் சொல்வதும் உண்டு. எனவே 300 மி.மீ. டி.டபிள்யூ.சி. என்று மட்டும் யாராவது எழுதித் தந்தால், எந்த விட்டம் என்று திருப்பிக் கேட்காமல் கேட்டலாக்கில் ஏற்றாதீர்கள்.

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எஸ்.டி.ஆர். 17 வகை (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு) 315 மி.மீ. எச்.டி.பி.இ. குழாயின் குறைந்தபட்சச் சுவர் 18.7 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் உள்விட்டம் 277.6 மி.மீ. 200-க்கு 1 என்ற சரிவில், மேனிங் எண் 0.010 என்று கொண்டால், இந்தக் குழாய் நிறைந்து ஓடும்போது கொண்டுசெல்வது நொடிக்கு ஏறத்தாழ 72 லிட்டர். இப்போது கேட்டலாக்கில் உள்விட்டம் என்ற கட்டத்தில் 315 என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே சரிவில் அதே மேனிங் எண்ணுக்கு ஏறத்தாழ 101 லிட்டர் கிடைக்கும். கணக்கில் 40 விழுக்காடு கூடுதலாக ஓடுகிறது, பள்ளத்தில் ஓடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்: 0.013 என்ற மேனிங் எண்ணோடு 300 மி.மீ. கான்கிரீட் குழாய் அதே சரிவில் கொண்டுசெல்வது ஏறத்தாழ 68 லிட்டர். வழுவழுப்பான குழாய் என்பதால் 315 எச்.டி.பி.இ. மிக அதிகமாகக் கொண்டுசெல்லும் என்று நினைத்து மாற்றியவருக்கு, உண்மையில் கிடைக்கும் கூடுதல் 4 லிட்டர்தான்.

சுவர்த் தடிமனுக்கும் இதே கவனம் வேண்டும். என்.பி.3 வகுப்பில் 1200 மி.மீ. குழாயின் சுவர் 120 மி.மீ. இன்வெர்ட் (குழாயின் உள் அடிமட்டம்) 97.000 என்றும் தரை மட்டம் 100.000 என்றும் கொண்டால், குழாயின் வெளி உச்சி 98.320-இல் இருக்கும், மேலே உள்ள மண் மூடல் 1.680 மீட்டர். கேட்டலாக்கில் வேறு ஏதோ குடும்பத்தை (ஒரே வகைக் குழாயின் பல அளவுகள் கொண்ட தொகுதியை) நகலெடுத்ததில் சுவர் 50 மி.மீ. என்று நின்றுவிட்டால், மென்பொருள் 1.750 மீட்டர் மூடல் இருப்பதாகச் சொல்லும். சிவில் 3டி-யின் விதிகள் மூடலை வெளி உச்சியிலிருந்துதான் அளக்கின்றன என்பதால், குறைந்தபட்ச மூடலுக்கான சோதனையிலும் அந்த 70 மி.மீ. பொய்யாகத் தேறிவிடும், குழாயின் அடிப்பக்கத்திலும் தோண்டல் ஆழம் அதே 70 மி.மீ. குறைவாகக் கணக்காகும்.

நெளிவுக் குழாயில் சுவர்த் தடிமன் என்று எதை எழுதுவது என்ற கேள்வி அடிக்கடி வரும். உற்பத்தியாளரின் தாளில் உள்சுவரின் பிளாஸ்டிக் தடிமன் என்று ஒரு சிறிய எண் இருக்கும்; அது உங்களுக்கு வேண்டாம். சிவில் 3டி இந்தக் குழாயை நெளிவே இல்லாத உருளையாகத்தான் வரைகிறது. எனவே வெளிவிட்டத்திலிருந்து உள்விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கி, அந்த எண்ணைத் தடிமனாகக் கொடுங்கள். தாளில் உள்விட்டம் 300, வெளிவிட்டம் 345 என்று இருந்தால் தடிமன் 22.5. நான் ஒருமுறை உள்சுவரின் தடிமனையே ஏற்றிவிட்டேன். இன்டர்ஃபியரன்ஸ் செக் என்ற மோதல் சோதனை ஒரு மோதலும் இல்லை என்று சொன்னது. களத்தில் அந்தக் குழாயின் நெளிவு, குறுக்கே போன கேபிள் டக்டின் மீது உட்கார்ந்தது. மோதல் சோதனை வெளிவிட்டத்தைத்தான் பார்க்கும், அதற்கு நான் கொடுத்த வெளிவிட்டமே பொய் என்றால் அது என்ன செய்யும்?

மேனிங் எண்ணைப் பொறுத்தவரை கான்கிரீட்டுக்கு 0.013 என்பது பழகிய எண். பிளாஸ்டிக் குழாய்களுக்கு உற்பத்தியாளர்கள் 0.009 என்று சொல்வார்கள். அது சுத்தமான நீரில், நேரான புதுக் குழாயில், ஆய்வகத்தில் கிடைப்பது. வடிவமைப்பில் 0.010 முதல் 0.011 வரை வைப்பவர்கள் அதிகம். கழிவுநீர்க் குழாயில் உள்சுவர் மீது வழவழப்பான படலம் படிந்துவிட்டால் எந்தப் பொருளும் ஏறத்தாழ ஒரே சொரசொரப்புக்கு வந்துவிடும் என்ற வாதமும் உண்டு. அமெரிக்காவில் டென் ஸ்டேட்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் என்று அழைக்கப்படும் விதித்தொகுப்பு கழிவுநீர்க் குழாய்களுக்கு 0.013 என்றே வைக்கச் சொல்வது அந்த வழியில்தான். என் கருத்து: உங்கள் திட்டத்தை ஏற்கும் துறை எந்த எண்ணைக் கேட்கிறதோ அதைக் கேட்டலாக்கிலேயே வைத்துவிடுங்கள். குழாய் குழாயாகத் திறந்து மாற்றுவது தலைவலி. ஒன்று விடுபட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது.

இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு மென்பொருளுக்கு வாருங்கள். புவியீர்ப்புக் குழாய்களின் கேட்டலாக் சி டிரைவில் புரோகிராம்டேட்டா, ஆட்டோடெஸ்க், உங்கள் பதிப்பின் சி3டி, இ.என்.யு. என்ற கோப்புறைகளுக்குள் பைப்ஸ் கேட்டலாக் என்ற பெயரில் இருக்கிறது. புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டு என்று சொல்லாவிட்டால் தெரியாது. அந்த பைப்ஸ் கேட்டலாக் முழுவதையும் வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பார்ட் பில்டரில் செய்யும் மாற்றத்துக்கு வரைபடத்தில் இருப்பது போன்ற அன்டூ கிடையாது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு.

செட்நெட்வொர்க்கேட்டலாக் என்ற கட்டளையில் மெட்ரிக் கேட்டலாக்தான் தேர்வில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பார்ட்பில்டர் கட்டளையைக் கொடுத்தால் குழாய்க் குடும்பங்களின் பட்டியல் திறக்கும். புதிதாக ஒரு குழாயை அடிப்படையிலிருந்து வரைய வேண்டிய தேவை அநேகமாக வராது. வட்டக் குழாய் என்றால், ஏற்கெனவே இருக்கும் வட்டக் கான்கிரீட் குழாயைத் திருத்துவதற்காகத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன்பே சேவ் ஆஸ் நியூ பார்ட் ஃபேமிலி என்ற வழியில் புதிய பெயரில் சேமித்துவிடுங்கள். எக்ஸ்புளோரரில் அந்தக் குடும்பத்தின் கோப்புகளை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் குறுக்குவழியை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்தின் எக்ஸ்.எம்.எல். கோப்புக்குள்ளும் அதற்கே உரிய ஒரு நீளமான அடையாள எண் இருக்கிறது. கோப்பின் பெயரை மாற்றினால் அந்த எண் மாறாது. மென்பொருள் குடும்பத்தைப் பெயரால் அல்ல, அந்த எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. இரண்டு பேருக்கு ஒரே குடும்ப அட்டை எண் கொடுத்தால் ரேஷன் கடையில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும்.

புதிய குடும்பம் திறந்ததும் சைஸ் பாராமீட்டர்ஸ் மீது வலது சொடுக்கு செய்து எடிட் கான்ஃபிகரேஷன் பாருங்கள். ஒவ்வொரு அளவும் (பாராமீட்டர்) மாறிலியா, பட்டியலா, வீச்சா, அட்டவணையா என்று அதில் தெரியும். உள்விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் தனித்தனிப் பட்டியல்களாக வைத்தால், பின்னால் பயன்படுத்துபவர் 300 மி.மீ. உள்விட்டத்துக்கு 120 மி.மீ. சுவரைக்கூடச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். அட்டவணையாக வைத்தால் ஒரு வரிசையில் உள்ள விட்டமும் தடிமனும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும், ஐ.எஸ். குறியீட்டின் அட்டவணையும் அப்படித்தான் இருக்கிறது. எனவே இந்த இரண்டுக்கும் அட்டவணையே சரி. மெட்டீரியல் என்ற அளவு ஏற்கெனவே இருந்தால் எடிட் வேல்யூஸ் வழியாக அதன் சொல்லை மாற்றுங்கள். இல்லையென்றால் அதே வலது சொடுக்கில் புதிய அளவாக மெட்டீரியலையும் மேனிங் எண்ணையும் சேர்க்கலாம். நீங்கள் தேடிக்கொண்டிருந்த, பெயரைத் தட்டச்சு செய்யும் கட்டம் இதுதான். நகலெடுத்தது கான்கிரீட் குடும்பம் என்பதால், அதில் கான்கிரீட்டுக்கான மேனிங் எண் இருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரே குடும்பத்துக்குள் மெட்டீரியலைப் பட்டியலாக்கி ஆர்.சி.சி., டி.டபிள்யூ.சி., ஸ்டோன்வேர் என்று எல்லாவற்றையும் அடுக்க முடியும்; செய்யாதீர்கள் என்பது என் ஆலோசனை. பொருள் மாறினால் தடிமனும் மேனிங் எண்ணும் மாற வேண்டும், ஆனால் பட்டியலில் அவை சேர்ந்து மாறா. ஒரு பொருளுக்கு, ஒரு வகுப்புக்கு, ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்.பி.2-க்கு ஒன்று, என்.பி.3-க்கு ஒன்று. குடும்பத்தின் பெயரிலேயே குறியீட்டு எண்ணும் வகுப்பும் இருக்கட்டும். வளையக் கடினம், வகுப்பு போன்ற உங்கள் சொந்தப் பண்புகளைத் தனி அளவாகவே சேர்க்க ஆசைப்பட்டால், அதே பைப்ஸ் கேட்டலாக்குக்குள் பகிர்வு உள்ளடக்கக் கோப்புறையில் இருக்கும் அளவுகளின் வரையறைக் கோப்பைத் திருத்த வேண்டும். திருத்திய கோப்பு அலுவலகத்தின் ஒவ்வொரு கணினிக்கும் போய்ச் சேர வேண்டும். வளையக் கடினத்தைக் குறிக்கும் எஸ்.என்.8 என்ற மூன்று எழுத்துக்காக அத்தனை பாடு பட வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே எழுதிவிட்டால் லேபிளில் விவரக் குறிப்பாக வந்துவிடும்.

சேமித்து வெளியே வந்ததும் பார்ட்கேட்டலாக்ரீஜென் கட்டளையைக் கொடுத்துக் குழாய்க் கேட்டலாக்கை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். பிறகு டூல்ஸ்பேஸின் செட்டிங்ஸ் தாவலில், பைப் நெட்வொர்க்கின் கீழ் உள்ள பார்ட்ஸ் லிஸ்டைத் திறந்து, புதிய குடும்பத்தைச் சேர்த்து, அதன் கீழ் வேண்டிய அளவுகளைச் சேர்க்க வேண்டும். அளவைச் சேர்க்கும் சன்னலில் மெட்டீரியல், மேனிங் எண் ஆகியவை காலியாக இல்லை என்பதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். வரைபடத்தில் ஏற்கெனவே போட்ட குழாய்களை ஸ்வாப் பார்ட் மூலம் புதிய அளவுக்கு மாற்றலாம். மாற்றும்போது சுவர் மாறுவதால், இன்வெர்ட் லெவல்களை மறுபடி சரிபார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

அலுவலகத்தில் பலர் ஒரே திட்டத்தில் வேலை செய்தால் இன்னொரு பிரச்சினை காத்திருக்கிறது. கேட்டலாக் எங்கே இருக்கிறது என்ற தகவல் வரைபடத்துக்குள் இல்லை. ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கிறது. உங்கள் புதிய குடும்பம் இல்லாத கணினியில் வரைபடத்தைத் திறந்தால் போட்ட குழாய்கள் தெரியும், ஆனால் அந்த வகையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ மாற்றவோ போகும்போது சிக்கும். சர்வரில் ஒரு பொதுக் கேட்டலாக்கை வைத்து, எல்லோருடைய செட்நெட்வொர்க்கேட்டலாக் அமைப்பையும் அங்கே திருப்பிவிடுவதுதான் தீர்வு. எழுதும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருக்கட்டும். மென்பொருளின் அடுத்த ஆண்டுப் பதிப்பு வரும்போது அது தன் சொந்தக் கோப்புறையையும் தன் சொந்தக் கேட்டலாக்கையும் கொண்டுவரும். உங்கள் குடும்பங்கள் தாமாக அங்கே குடிபெயரா.

இதுவரை சொன்னது எல்லாம் புவியீர்ப்பில் ஓடும் குழாய்களுக்கு. அழுத்தக் குழாய்களுக்கு சிவில் 3டி வேறு கேட்டலாக்கையும் வேறு வழியையும் வைத்திருக்கிறது. அவை எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளக் கோப்புகளாகப் பிரஷர் பைப்ஸ் கேட்டலாக் கோப்புறையில் இருக்கின்றன. பார்ட் பில்டர் அவற்றைத் தொடாது. கன்டென்ட் கேட்டலாக் எடிட்டர் என்ற தனிச் செயலியில்தான் அவற்றைத் திறந்து, இருக்கும் குழாயை நகலெடுத்துத் திருத்த வேண்டும். குழாயை மட்டும் சேர்த்தால் போதாது. பென்ட், டீ, ரெட்யூசர் ஆகியவற்றின் விட்டமும் மூட்டு வகையும் பொருந்தினால்தான் அவை அந்தக் குழாயோடு இணையும் என்பதால், அழுத்தக் குழாயில் ஒரு புதிய பொருள் என்பது ஒரு குடும்பத்தையே குடியேற்றும் வேலை.

குடிநீர் வலையமைப்பை வேறு மென்பொருளில் கணக்கிடுபவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எபாநெட்டில் மெட்டீரியல் என்ற கட்டமே கிடையாது. பொருளைப் பொறுத்துக் கொடுக்க வேண்டியவை விட்டமும் சொரசொரப்பும்தான். பொருளின் பெயரை நினைவுக்காக டேக் என்ற இடத்தில் எழுதி வைக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது, சொரசொரப்பு எண்ணின் பொருள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சூத்திரத்தைப் பொறுத்து மாறும் என்பதுதான். ஹேசன்-வில்லியம்ஸில் பிளாஸ்டிக் குழாய்க்கு 140, 150 என்று கொடுத்துவிட்டு, பிறகு டார்சி-வைஸ்பாக்குக்கு மாறினால், அதே எண் மில்லிமீட்டரில் சுவரின் மேடுபள்ளமாகப் படிக்கப்படும். 150 மில்லிமீட்டர் மேடு உள்ள குழாயில் நீர் எப்படி ஓடும்? பென்ட்லியின் வாட்டர்ஜெம்ஸில் காம்பொனன்ட்ஸின் கீழ் உள்ள இன்ஜினியரிங் லைப்ரரீஸில் மெட்டீரியலுக்கென்று தனி நூலகம் உண்டு. அதில் ஒரே பொருளுக்கு ஒவ்வொரு சூத்திரத்துக்கும் உரிய எண்ணைத் தனித்தனியாகப் பதிந்து வைக்கலாம். இந்த வகையில் அந்த ஏற்பாடு சிவில் 3டி-யைவிட நேர்த்தியானது.

கடைசியாக, புதிய குடும்பத்தை உண்மையான திட்டத்தில் இறக்குவதற்கு முன், காலி வரைபடம் ஒன்றில் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே 100 மீட்டர் நீளத்துக்கு 200-க்கு 1 சரிவில் ஒரே ஒரு குழாயைப் போடுங்கள். லேபிளில் மெட்டீரியல், உள்விட்டம், சரிவு மூன்றும் வரட்டும். இன்வெர்ட் வித்தியாசம் 0.500 மீட்டர் இருக்க வேண்டும். பிராபர்ட்டிகளைத் திறந்து வெளிவிட்டத்தைக் குறியீட்டு நூலோடு ஒப்பிடுங்கள், 1200 என்.பி.3 என்றால் 1440 இருக்க வேண்டும். நிறைந்த ஓட்டத்தைக் கையாலும் ஒருமுறை போட்டுப் பார்த்து, மென்பொருள் தருவதோடு பொருந்தினால், அந்தக் குடும்பத்தைச் சர்வரில் ஏற்றலாம்.